வீட்டிற்கு ஒரு மேசை

மேசை என்னும் சொல் கப்பலேறி வந்த சொல். சாவி, சன்னல், அலமாரி என்பனவற்றைப் போல இதுவும் போர்த்துகீசியர் வழியாக நம் மொழியில் புகுந்து, நம் சொல்லாகவே நிலைத்துவிட்டது. சொல் வந்து சில நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் அந்தச் சொல் குறிக்கும் பொருள் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் புகவில்லை. பள்ளியில் மேசை உண்டு, வங்கியில் உண்டு, பஞ்சாயத்து அலுவலகத்தில் தூசு படிந்தேனும் உண்டு. வீட்டில் அமர்ந்து படிக்கும் மாணவனுக்கும், வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் பெண்ணுக்கும் மேசை எங்கே இருக்கிறது?

'தமிழ் மன்றத்து மலரில் தச்சுவேலைக்கு என்ன இடம்?' என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுதுவோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவற்றையெல்லாம் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஓர் ஆளுக்கு எத்தனை அடி இடம் வேண்டும் என்பதை யாரேனும் ஒருவர் எழுதத்தானே வேண்டும்? பௌதிகம் பயிலும் மாணவன் நான். அளந்து பார்க்கும் பழக்கம் உடையவன். ஆகவே அந்தப் பணியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் முன்னோர்க்கு மேசை தேவைப்படவில்லை. ஓலையில் எழுதியவர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணியைக் கொண்டு, கையையே பலகையாக்கிக் கொண்டார். எங்கள் நல்லேப்பிள்ளிக்கு அருகில் இருப்பது சித்தூர். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகக் கருதப்படும் குருமடம் அங்கே இருக்கிறது. பனைகள் மலிந்த எங்கள் வட்டாரத்தில் எழுதும் தாளும் மரத்திலிருந்தே வந்தது. எழுதும் மேசை எழுதுபவரின் உள்ளங்கையாகவே இருந்தது. பின்னாளில் கடை வைத்தோர் ஒரு சிறு பெட்டி செய்துகொண்டனர். அதன் மூடி சாய்வாக இருக்கும். கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு அமர்ந்து அதன்மேல் பேரேட்டை விரிப்பார். மூடியைத் தூக்கினால் உள்ளே மைக்கூடும் சில்லறையும் சீட்டுகளும் இருக்கும். எழுதி முடித்தால் பெட்டி சுவரோரம் போய்விடும். இடத்தைச் சேமிக்கும் மேசை என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வித்தை நம் மளிகைக் கடைகளுக்குப் பழைய வித்தை.

ஆனால் இன்று எழுதுவது ஓலையிலும் அன்று, பேரேட்டிலும் அன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் முதல் நாள் கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகப் பள்ளிப் பாடங்கள் தொடங்கின. அன்றுவரை வீடு என்பது உண்ணவும் உறங்கவும் உள்ள இடம். அன்று முதல் அதுவே பள்ளியும் ஆயிற்று, கல்லூரியும் ஆயிற்று, பலருக்கு அலுவலகமும் ஆயிற்று. நோய் தணிந்த பின் பள்ளிகள் திறந்தன. ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. கோவையிலோ பெங்களூரிலோ உள்ள நிறுவனத்திற்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடொன்றில் கட்டிலின் மேல் மடிக்கணினியை வைத்துக் குனிந்தபடி வேலை செய்யும் பெண்களை நான் அறிவேன். மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அதனோடு கழுத்துவலியும் வருகிறது.

எங்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்பிற்காக நல்லேப்பிள்ளிக்கு வந்து குடியேறியது. வீட்டில் ஐவர். கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேரள அரசின் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறை, சிறு வீடுகளில் வாழும் மாணவர்க்கென 'படனமுறி' என்னும் திட்டத்தை நடத்துகிறது. வீட்டோடு சேர்த்து ஒரு படிப்பறை கட்டிக்கொள்ள 2 இலட்சம் ரூபாய் உதவி தரும் திட்டம் அது. அந்த அறையின் அளவு 120 சதுர அடி! ஒரு மாணவர் படிப்பதற்கென அரசு கணக்கிட்ட இடத்தில்தான் நாங்கள் ஐவரும் உண்கிறோம், உறங்குகிறோம், விருந்தினரை வரவேற்கிறோம். அம்மா தைக்கிறார், தங்கை படிக்கிறாள். அரசு கணக்கிட்ட அளவு சரியானதே. படிப்பிற்கு இடம் வேண்டும் என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டு பணமும் ஒதுக்குவது பாராட்டத்தக்கது. ஆனால் அறை கட்டும் வாய்ப்பு எல்லார்க்கும் வருவதில்லை. வாராதவர் என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வியை எழுப்பினால் பெரியவர்கள் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள்: 'இராமானுசனுக்கு மேசையா இருந்தது? சிலேட்டுப் பலகையில் போட்டுப் பார்த்துத்தானே உலகப் புகழ் பெற்றார்?' உண்மைதான். தாள் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதியவர்தாம் அவர். ஆனால் அவர் அமர்ந்த இடம் எது? கும்பகோணத்துத் தெருவில் அவர் வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணையை எண்ணிப் பார்க்கச் சொல்லுகிறேன். காற்றும் வெளிச்சமும் நிறைந்த மேடை. மணிக்கணக்கில் அமர்ந்தாலும் எழுந்திரு என்று சொல்லாத இடம். இன்று நாம் கட்டும் வீடுகளில் திண்ணை எங்கே? திண்ணையை இடித்துவிட்டுச் சிலேட்டை மட்டும் எடுத்துக்காட்டுவது நியாயமாகுமா?

வெளிநாட்டு அறிஞரையும் பார்ப்போம். சார்லசு டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை 1859-இல் வெளியிட்டார். அவர் தம் வீட்டில் சாய்வு நாற்காலியின் இரு கைகளின்மீதும் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து அதன்மேல் எழுதினார். அந்த நாற்காலிக்குச் சக்கரங்களும் பொருத்திக்கொண்டார். ஆங்கில நாவலாசிரியை சேன் ஆசுட்டின், சாட்டன் என்னும் சிற்றூரில் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட ஒரு மிகச் சிறிய மேசையில் அமர்ந்து எழுதினார். அது இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. இவர்கள் மேசை சிறியதே. ஆனால் அது அவரவர்க்கென ஒதுக்கப்பட்டது. அவரவர் உடலுக்கும் தொழிலுக்கும் பொருந்தியது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: மேசை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, அது ஒருவருக்கு உரியதாக இருக்க வேண்டும். இடமில்லாத வீட்டிலும் அவ்வாறு ஒரு மேசையை அமைக்க முடியும். அழகாகவும் அமைக்க முடியும்.

எப்படி என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கடையில் விற்கும் சாதாரண மேசை 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நாற்காலியை இழுத்து அமர இன்னும் 75 சென்டிமீட்டர் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 17 சதுர அடி. எங்கள் கூடத்தில் ஏழில் ஒரு பங்கு, இரவும் பகலும், போய்விடும். சுவரில் கீல் வைத்துப் பொருத்தி, வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடக்கி வைக்கும் பலகை இருக்கிறது. 75 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஒரு மடிக்கணினியும் ஒரு குறிப்பேடும் அதில் அமரும். மடக்கினால் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நில்லாது. அது கொள்ளும் தரை ஒரு சதுர அடிக்கும் குறைவு. பாய் விரிக்கும் நேரத்தில் மேசை சுவரோடு சுவராகி விடுகிறது. எனவே சிறு வீட்டிற்கு என் வாக்கு இந்த மடக்கு மேசைக்கே.

இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதைக் கடைக்காரர் சொல்வதில்லை. கடை மேசையின் உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர். அது யாருடைய உயரத்திற்குச் செய்யப்பட்டது? நிமிர்ந்து அமர்ந்து, பாதம் தரையில் படிய, தோளைத் தளர்த்தி, முழங்கையை நேர்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரமே உங்கள் மேசையின் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது பெரும்பாலும் 60 முதல் 65 சென்டிமீட்டர் வரையில்தான் வரும். அவள் 75 சென்டிமீட்டர் மேசையில் வேலை செய்தால் நாள் முழுதும் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்கிறாள். நாற்காலியை உயர்த்தினாலோ பாதம் தொங்குகிறது. சுவர் மேசையை எந்த உயரத்தில் அடித்தாலும் செலவு ஒன்றே. கடையில் வாங்கினால் மேசைக்கு ஏற்ப நாம் வளைய வேண்டும். சுவரில் அடித்தால் நமக்கு ஏற்ப மேசை நிற்கும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். இரண்டு தடித்த புத்தகங்களின்மேல் கணினியை ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்று வைத்துக்கொண்டால் இந்தத் துன்பமும் தீரும். திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும்.

அடுத்து, சுவர். பலகையின் விளிம்பில் நாம் முழங்கையை ஊன்றுகிறோம். 15 கிலோ எடை சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி அழுத்துவதாகக் கொள்வோம். அதைத் தாங்கும் முக்கோணத் தாங்கியின் செங்குத்துக் கை 30 சென்டிமீட்டர் இருந்தால், மேலுள்ள திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 20 கிலோ. அந்தக் கை 10 சென்டிமீட்டர் மட்டும் இருந்தாலோ விசை 60 கிலோ! எடை மாறவில்லை, பலகை மாறவில்லை; தாங்கி குட்டையாயிற்று, சுவர் பெயர்ந்தது. நெம்புகோல் தத்துவத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், மலிவென்று குட்டைத் தாங்கியை வாங்கி அதே தத்துவத்தை மறந்துவிடுகிறோம். செங்கற்சுவரில் துளையிட்டு, பிளக் அடித்து, ரசமட்டம் வைத்துப் பொருத்தினால் உறுதியாக நிற்கும். பழைய மண்சுவர் வீடாயின் சுவரை நம்ப வேண்டா. தரையிலிருந்து எழும் இரண்டு மரச்சட்டங்களை நிறுத்தி, மேலே உத்தரத்தோடு பிணைத்து, அவற்றில் பலகையைக் கீல் கொண்டு மாட்டலாம்.

பிறகு, மரம். வெள்ளை வெளேரென மின்னும் மேசைகளில் பல, மரத்துகளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகையால் ஆனவை. மேலே ஒட்டிய தாள் உள்ளவரை அழகு. வெட்டிய விளிம்பில் ஈரம் புகுந்தால் அப்பம்போல் உப்பும். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் இணையத்தில் வரவழைத்த மேசை இரண்டாம் மழைக்காலத்தைக் காணவில்லை. கழற்றி மாட்டக் கழற்றி மாட்டத் திருகாணித் துளையும் தளர்ந்துவிடும். கீல் வைத்த மேசைக்கு அது முற்றிலும் ஆகாது. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை இதற்கு ஏற்றது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டப்படுவதால் எளிதில் வளையாது. கேரளத்தில் பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரமும் நல்லதே. ஆனால் வண்டும் பூஞ்சையும் அணுகாதபடி மருந்தூட்டப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய பலாமரக் கதவு ஒன்று வீட்டில் கிடந்தால் அதைவிட உயர்ந்த பலகை வேறில்லை. எங்கள் ஊர்ப் பனையைக் கேட்பீர்கள். அது கூரைச் சட்டத்திற்கு வேந்தன், ஆனால் நாரோடிய அதன் உடல் வழவழப்பான எழுதுதளத்திற்கு இணங்காது.

காற்றையும் மறக்கலாகாது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் வாழ்பவர்கள் நாங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததோ இல்லையோ, ஆய்வுக் குறிப்புகள் பறக்கின்றன. ஆகவே பலகையின் விளிம்பில் விரற்கடை உயரத்தில் ஒரு சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளையின் சாய்வுப் பெட்டியிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. சன்னலை நேர் எதிரிலும் முதுகிற்குப் பின்னும் வைக்காமல் பக்கத்தில் வருமாறு மேசையை அமைத்தால் வெளிச்சம் கண்ணையும் கூசாது, திரையிலும் பளபளக்காது.

'பயன் எல்லாம் சரி, அழகு எங்கே?' என்பீர்கள். 1926-இல் செருமனியின் பிராங்க்பர்ட்டு நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென மார்கரெட் சூட்டே-லிகோட்சுகி என்னும் கட்டடக் கலைப் பெண்மணி ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான் இடம். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், கை எங்கே நீள்கிறது என்பதையெல்லாம் ஆய்ந்து, சுவரிலிருந்து மடங்கி இறங்கும் இஸ்திரிப் பலகையையும் அதில் பொருத்தினார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்று அருங்காட்சியகங்களில் கலைப்பொருளாக வைத்துப் போற்றுகிறார்கள். அழகை நினைத்து அவர் தொடங்கவில்லை. அளவை நினைத்துத் தொடங்கினார், அழகு பின்னே வந்தது. நம் மடக்கு மேசையும் அப்படியே. மடக்கியபின் தெரியும் அதன் அடிப்பக்கத்தில் கரும்பலகைச் சாயம் பூசினால் தம்பிக்குக் கணக்குப் பலகை; ஒரு கோலத்தைத் தீட்டினால் கூடத்திற்கே ஓவியம். பளிங்குபோல் மின்னுவதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நல்ல கீலுக்கும் நீண்ட தாங்கிக்கும் கொடுங்கள்.

இந்த மேசைக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் விற்பனையாளன் ஆவேன். எளிதில் மடங்கும் பொருளை எல்லாரும் எளிதில் மடக்கிவிடுவார்கள். அம்மாவின் தையற்பொறியைப் பாருங்கள். தைத்து முடிந்தால் பொறி உள்ளே இறங்கி மேலே பலகையாகும். அதுவே எங்கள் வீட்டின் முதல் இடச்சிக்கன மேசை. அதன்மேல் தங்கை புத்தகத்தை விரிப்பாள், கீழே மிதிகட்டையும் சக்கரமும் முழங்காலை இடிக்கும், அது போகட்டும். துணி கொடுத்தவர் வந்து நின்றால் புத்தகம் எழுந்துவிட வேண்டும். விருந்தினர் வந்தால் எழுந்துவிட வேண்டும். அண்ணன் வந்தாலும் எழுந்துவிட வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணின் நிலையும் இதுவே. வீட்டில் இருப்பதால் அவள் ஓய்வாக இருக்கிறாள் என்று வீடு எண்ணுகிறது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கச் சொல்கிறது.

ஆகவே பலகையை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டா. இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இந்த மேசை இன்னாருக்கு என்று வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மாமாவே வந்தாலும் பாயில் அமரட்டும். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். மடங்குவது மேசையாக இருக்கட்டும். படிப்பு மடங்க வேண்டா.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோளும் விடுக்கிறேன். சித்தூர் வட்டத்தில் நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என எல்லையோர ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கிருந்து வரும் மாணவர் நம்மில் சிலர் இருக்கிறோம். மேசையின் அளவு, தாங்கியின் நீளம், உயரத்தைக் கண்டறியும் முறை ஆகியவற்றை ஒரே தாளில் படமாக வரைந்து, தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, உள்ளூர்த் தச்சரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் கொடுக்கலாம். படம் வரைய நான் ஆயத்தம். நல்ல மலையாளத்தில் எழுத ஒருவர் முன்வர வேண்டும். விழா நாளில் நாம் ஒரு மாலைக்கும் மேடை அலங்காரத்திற்கும் செய்யும் செலவில் ஓரிரு வீடுகளுக்குப் பலகையும் கீலுமே வாங்கித் தரலாம். அறிவியல் மாணவர் அளப்பர். பொருளியல் மாணவர் விலை பேசுவர். தமிழ் மாணவர் வீட்டாரிடம் பேசி நேரத்தை வாங்கித் தருவர். மூன்றில் கடினமானது கடைசி வேலைதான்.

வரும் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நண்பர்கள் பெட்டியில் ஓர் அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் தங்கையை நிமிர்ந்து அமரச் சொல்லி, தரையிலிருந்து அவள் முழங்கை வரை அளந்து, அந்த அளவைச் சுவரில் ஒரு கோடாகக் கிழித்துவிட்டு வாருங்கள். கோடு கிழித்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வீடு, என்றேனும் ஒருநாள் தச்சரை அழைக்கும்.